பட்டியல் தராத காப்பகம்

சோவியத் வரலாறு படிக்கிறவர்களுக்கு ஷீலா ஃபிட்ஸ்பாட்ரிக்கைத் தெரியாமல் இருக்காது. 1941ல் மெல்பர்னில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு, அப்புறம் டெக்சாஸ், சிகாகோ, சிட்னி என்று பேராசிரியர் வேலை. இதெல்லாம் சரி, என் மனசு போய் நிற்பது அவர் மாஸ்கோவில் மாணவியாக இருந்த நாட்களில்தான்.

1966ல் பிரிட்டிஷ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அங்கே போகிறார். ஆய்வு, புரட்சிக்குப் பின் கல்வித்துறையைக் கவனித்த லுனசார்ஸ்கியைப் பற்றி. காப்பகத்துக்குள் விடுவதே பெரிய பாடு, விட்டாலும் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலை வெளிநாட்டவர் கண்ணில் காட்ட மாட்டார்கள். மெனு கார்டே இல்லாத ஓட்டலில் சமையல்கட்டில் என்ன இருக்கும் என்று ஊகித்து ஆர்டர் கொடுக்கிற கதைதான். அந்த அலுவலகம் எப்படி நடந்திருக்கும், யார் யாருக்குக் கடிதம் போட்டிருப்பார்கள் என்று யோசித்து யோசித்துத்தான் ஒவ்வொரு கோப்பாகக் கேட்க வேண்டும். அதுவே நல்ல பயிற்சி என்பேன்.

லுனசார்ஸ்கியின் மைத்துனரும் செயலாளருமாக இருந்த இகோர் சாட்ஸ் ஷீலாவுக்கு நெருங்கிய நண்பரானார். கிழவர் சொன்ன பழங்கதைகள் எந்தக் கோப்பிலும் கிடைக்காதவை.

1968ல் 'சோவியத்ஸ்கயா ரஸ்ஸியா' பத்திரிகை, எஸ். ஃபிட்ஸ்பாட்ரிக் என்று ஒருவர் எழுதிய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய உளவாளி என்கிற அளவுக்குத் திட்டித் தீர்த்தது. எழுதியது ஆண் என்று நினைத்துவிட்டார்கள்! நம்மவரோ அங்கே கணவர் பெயரில், ஷீலா புரூஸாகப் பதிவாகியிருந்தார். தலை தப்பியது.

பின்னாளில் அவர் பேர் வாங்கியதும் வசவு வாங்கியதும் ஒரே காரணத்துக்காக. ஸ்டாலின் மேலே இருந்து ஆட்டினார், நாடே ஆடியது என்று மட்டும் எழுதாமல், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்து அதிகாரிகளாக ஏறியதை, அந்த ஆட்சியால் பலன் கண்டவர்களை எழுதினார். அப்படியானால் ஸ்டாலின் காலத்துக் கைதுகளும் கொலைகளுமான அந்தப் பயங்கரம் எங்கே என்று 1980களில் சக ஆய்வாளர்களே கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது, எனக்கும் அந்த நெருடல் உண்டு. ஆனால் சோவியத் ஒன்றியம் உடைந்து காப்பகங்கள் திறந்த பிறகு அவர் உட்கார்ந்து படித்தவற்றில், சாதாரண ஜனங்கள் அரசுக்குப் போட்ட மனுக்களும் காட்டிக்கொடுக்கும் கடிதங்களும் ஏராளம். அதில் சிலது, ஒண்டுக்குடித்தனத்தில் பக்கத்து அறை தனக்குக் கிடைக்கட்டும் என்று அங்கே இருப்பவன் மேல் எழுதிப் போட்டது.