சேவை மையத்தில் ஒரு சனிக்கிழமை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள செபராங் பிறையில் எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் கடந்த சனிக்கிழமை நடத்திய ஆவண உதவி நாளில் தொண்டூழியராகப் பணியாற்றினேன். வடிகால், தெருவிளக்குப் புகார்கள் மாநகர் மன்றத்துக்கு உடனே அனுப்பப்பட்டன. மாலையில் மூத்தோருக்கான விருந்தும் சிறப்பாக நடந்தது.

என் மனத்தை விட்டு அகலாதவர், பேரனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் வந்த ஒரு பாட்டி. 12 வயதில் மைகார்டு எனும் மலேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டிய பிள்ளை, பிறந்தபோது பதியப்படாததால் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வேதனை நம் சமூகத்தில் இன்னும் தொடர்வது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குடியுரிமையும் பதிவும் கூட்டரசின் அதிகாரத்தில் உள்ளவை என்பதால் மாநில உறுப்பினரால் முடிவெடுக்க இயலாது; ஆயினும் அவர் பாட்டியின் அருகில் அமர்ந்து, தாமதப் பதிவுக்கான படிவங்களைச் சரிபார்த்து, தேசியப் பதிவிலாகாவுக்கு ஆதரவுக் கடிதம் எழுதி, உடன் செல்ல ஓர் உதவியாளரையும் நியமித்தார். உண்மையில், மேடைப் பேச்சைவிட இதையே நான் மக்கள் பணி என்பேன்.

இதே நிலையில் உள்ள குடும்பங்கள், பெற்றோரின் அடையாள அட்டை, திருமணப் பத்திரம், பிரசவ அட்டை என இருப்பவற்றை எடுத்துக்கொண்டு தயங்காமல் சேவை மையத்துக்கு வாருங்கள்.