ஜீப்புக்கு அடியில் விரித்த அட்டை

3 நவம்பர் 2024, ஞாயிறு. கம்பம்

தீபாவளிச் சத்தம் அடங்கி, வண்டி பார்க்கிற வேலையை இன்றைக்குத்தான் தொடங்கினோம். மலைமேல் வண்டன்மேட்டில் அம்மா பேரில் இருக்கிற ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு உரம் ஏற்ற, காய் இறக்க, வீட்டு ஆட்கள் போய்வர ஒரு பழைய டீசல் ஜீப் வேண்டும். புதுசுக்கு வசதி இல்லை.

அம்மா கூலிக்குப் போன காலத்தில் தினமும் ஜீப்பின் பின்னால் நெருக்கி உட்கார்ந்துதான் மலை ஏறுவாள். ஒருநாள் கம்பம்மெட்டு வளைவில் கிளட்ச் வழுக்கி வண்டி பின்னால் நகர, எல்லோரும் குதித்துச் சக்கரத்துக்குக் கல் கொடுத்ததை இப்போதும் சொல்வாள். கிளட்ச் பிளேட்டில் ஆயில் இறங்கியிருந்ததாம். அதனால் பெயிண்ட், டயர், சீட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் ஆயில் கசிவைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

ஊருக்குள்ளேயே ஒரு ஜீப்பை மாமா சொல்லிவைத்திருந்தார். பானெட்டைத் தூக்கியதும் எஞ்சின் பளபளவென்று இருந்தது. மாமாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. கூடலூர் மெக்கானிக் அண்ணனுக்கு முகம் மாறியது. “இத்தன வருச டீசல் எஞ்சின் இவ்வளவு சுத்தமா இருக்காது தம்பி. விக்கிறதுக்குன்னே வாட்டர் வாஷ் அடிச்சிருக்காக” என்று காதோடு சொன்னார். கழுவின எஞ்சினில் கசிவு எங்கே தொடங்குகிறது என்ற தடம் மொத்தமும் அழிந்துபோகும். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியான சம்ப்பின் ஓரம் முழுக்கப் புதுசாகச் சாம்பல் நிற அனபாண்ட் பசை பிதுங்கி நின்றது. இணைப்பின் நடுவே கசிவைத் தடுக்கிற பழைய பேக்கிங்கைக் கழற்றாமல் வெளியிலிருந்து தடவிய வேலை.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறோம் என்று லோயர் கேம்ப் வரை போய்த் திரும்பினோம். சூடான எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே வாய்மேல் தலைகீழாக வைத்தார் அண்ணன். மூடி துள்ளித் துள்ளி ஆடியது. எடுத்துவிட்டால் எஞ்சின் துடிப்புக்குத் தக்க வாயிலிருந்து புகை புஸ்புஸ்ஸென்று வந்தது. “பேக் கம்ப்ரஷன்” என்றார்.

பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்தால் எரிந்த காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அது வெளியேற பிரீத்தர் குழாய்தான் வழி. அந்த வழி போதாதபோது உள்ளே அழுத்தம் ஏறி, எஞ்சின் தலையை மூடியிருக்கிற டேப்பட் கவர், சுழலும் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற கிராங்க் சீல், ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக் குழாய் என்று எங்கே பலவீனமோ அங்கே ஆயிலை வெளியே தள்ளும். புது சீல் போட்டால் சில வாரம் நிற்கும், பிறகு திரும்பவும் வரும். பிரீத்தர் அடைத்திருந்தாலும் இதே மாதிரி தள்ளும் என்பதால் அண்ணன் அந்தக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். அடைப்பு இல்லை. குழாய் முனையில் கட்டுக்கம்பி சுற்றியிருந்த தழும்பு மட்டும் தெரிந்தது. வழியும் ஆயிலைப் பிடிக்க அங்கே ஒரு பாட்டில் கட்டியிருந்திருக்கிறார்கள், நாங்கள் வருவதற்கு முன் அவிழ்த்துவிட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

5 நவம்பர், செவ்வாய்

இன்று வண்டி எதுவும் பார்க்கவில்லை. சாயங்காலம் அண்ணன் பட்டறையில் உட்கார்ந்து, எது என்ன கசிவு என்று விரலில் தொட்டு, மோந்து பழகினேன். டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பு, கருகின வாடை. கியர் ஆயில் அதைவிடக் கெட்டி, கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கும், கையைக் கழுவினாலும் போகாது. பவர் ஸ்டியரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. பிரேக் ஆயில் தண்ணி மாதிரி மெல்லிசு, சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், இனிப்பு வாடை. டீசல் கசிந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இந்த மூக்குப் பழக்கம்தான் பின்னால் உதவும் என்கிறார்.

9 நவம்பர், சனி. ஆனக்கரை

மலைமேல், கேரளப் பக்கம், ஆனக்கரையில் ஒரு சேட்டனிடம் 1998 மாடல் டிஐ ஜீப், 2,523 சிசி எஞ்சின், கேஎல் 06 நம்பர். எஞ்சினைக் கழுவ வேண்டாம், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம் என்று முந்தின நாளே போனில் கேட்டுக்கொண்டோம். சூடான எஞ்சின் நிறைய விஷயத்தை மறைத்துவிடும்.

பனி விலகும் முன்னே போய்ச் சேர்ந்தோம். பிளாக்கில் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. சொன்னபடியே வைத்திருந்தார். எஞ்சின் முழுக்க மண்ணும் ஆயிலும் சேர்ந்து அப்பியிருந்தது. அதைப் பார்த்து மாமா முகத்தைச் சுளித்தார், அண்ணனுக்கோ திருப்தி. “உள்ளத உள்ளபடி காட்டுது.”

அடியில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் கீழ் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் கறுப்பாக ஒரு கை அகலக் கறை. கேட்டதும் சேட்டன் மறைக்கவில்லை, “அது பண்டே உள்ளதா” என்றார், முன்பிருந்தே உள்ளதுதான் என்று. எப்போதாவது அரை லிட்டர் ஊற்றிக்கொள்வாராம்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தது. விரலில் தேய்த்தால் இரும்புத் துகள் மினுங்கவில்லை. ஆயில் மூடியின் உட்புறம் வெள்ளையாகப் பாலாடை மாதிரி இருந்ததைப் பார்த்து ஹெட் பேக்கிங் போய்விட்டது, தண்ணீர் கலக்கிறது என்று மாமா பதறினார். அண்ணன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து காட்டினார், ஆயில் படலமே இல்லை. டிப் ஸ்டிக்கிலும் வெண்மை இல்லை. ஆயிரம் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தக் குளிரில், கடைக்கும் தோட்டத்துக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் எஞ்சின் முழுசாகச் சூடாகாது. உள்ளே வேர்த்து, மூடியில் மட்டும் இப்படிக் கட்டும். இதை எழுதிவைக்கிறேன், மலைக்காரர்கள் நல்ல எஞ்சினை இந்தப் பாலாடையைப் பார்த்தே விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டார்ட் செய்து சூடேற்றி மூடியைத் தலைகீழாக வைத்தோம். அசையாமல் உட்கார்ந்திருந்தது. லேசான ஆவி மட்டும். ஆயில் பிரஷர் முள்ளும் சூட்டில் விழவில்லை.

கேட்ட விலை 2 லட்சத்து 10 ஆயிரம். யோசித்துச் சொல்கிறோம் என்று இறங்கினோம்.

10 நவம்பர், ஞாயிறு

வீட்டில் ஒரே வாக்குவாதம். பெல் ஹவுசிங்கில் சொட்டினால் அது கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கத்துச் சீல்தான், அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், கூலி தாங்காது என்பது மாமா கட்சி. போனில் கேட்ட இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. சொட்டுகிற இடத்துக்கு நாலு தகப்பன் இருக்கலாம் என்கிறார். அந்தக் கிராங்க் பின்பக்கச் சீல் ஒன்று. கியர்பாக்ஸின் முன் சீல் இன்னொன்று. சம்ப் பேக்கிங்கின் பின்மூலை. அப்புறம், மேலே எங்கேயோ கசிந்து பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி அங்கே வந்து சேருகிற ஆயில். ஆயில் கீழேதான் ஓடும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரம் எங்கே முடிகிறது என்று பார்க்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே எங்கே ஈரமாக இருக்கிறது என்று தேட வேண்டும். ஃபில்டர் அடி, பிரஷர் குழாய் மூட்டு, டேப்பட் கவர் ஓரம் என்று மேலிருந்து வர வேண்டும்.

தேடிவிட்டு முடிவு செய்யலாம் என்று சேட்டனிடம் ஒரு பகல் கேட்டிருக்கிறேன். கார்த்திகை ஒன்று பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். சபரிமலை வண்டிகள் வர ஆரம்பித்தால் குமுளிச் சாலையில் நிதானமாக ஓட்டிப் பார்க்க முடியாது.

14 நவம்பர், வியாழன். ஆனக்கரை, குமுளி

மறக்க முடியாத பகல்.

தண்ணீர் படவே விடவில்லை. டீசலும் பிரஷ்ஷும் வைத்து அப்பியிருந்த மண்ணைக் கரைத்து, காட்டன் வேஸ்ட்டால் துடைத்து, அரை மணி காய விட்டோம். பிறகு டேப்பட் கவர் ஓரம், ஃபில்டரைச் சுற்றி, பிளாக்கின் முதுகு, பெல் ஹவுசிங் மேல்பக்கம் என்று முகப்பவுடரைத் தூவினோம். வெள்ளைப் பவுடரில் ஒரு துளி ஆயில் பட்டாலும் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

குமுளி வரை நான் ஓட்டினேன். ஏற்றத்தில் நாலாம் கியரில் மெதுவாகப் போகும்போதே ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னார் அண்ணன். எஞ்சின் சத்தம் வண்டியைவிட ஒரு நூல் முன்னால் போனது. கிளட்ச் கொஞ்சம் வழுக்குகிறது. அம்மா சொன்ன வளைவு மனதில் வந்து போனது.

திரும்பி வந்து பானெட்டைத் தூக்கி, சின்னக் கண்ணாடியைப் பின்பக்கம் நீட்டி டார்ச் அடித்தோம். டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு, எறும்புச் சாரை மாதிரி பிளாக்கின் முதுகில் இறங்கி, பெல் ஹவுசிங் மேல் பரவி, இணைப்பு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பவுடரெல்லாம் வெள்ளை மாறாமல் இருந்தது. மாமா கண்ணாடியை வாங்கி இரண்டு தரம் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

சேட்டனிடம் கேட்டுக்கொண்டு கவரை அங்கேயே கழற்றினோம். கார்க் பேக்கிங் காய்ந்து பிஸ்கட் மாதிரி உடைந்தது. கசிவு நிற்கட்டும் என்று யாரோ போல்ட்டை ஏகத்துக்கும் முறுக்கி முறுக்கித் தகரத்தின் ஓரமே போல்ட் ஓட்டைகளில் உள்ளே குழிந்திருந்தது. அப்படி முறுக்கினால் இரண்டு போல்ட்டுக்கு நடுவே தகரம் எழும்பி இன்னும் கசியும். அண்ணன் அதைச் சமமான கல்லில் வைத்துத் தட்டி நேராக்கி, கொண்டுபோயிருந்த புது பேக்கிங்கைப் போட்டு, அளவாக முடுக்கினார். அடியையும் துடைத்துவிட்டு, மூன்று நாள் வழக்கம்போல ஓட்டுங்கள், இரவில் அடியில் இதை விரித்துவையுங்கள் என்று சேட்டனிடம் ஒரு பெரிய அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

17 நவம்பர், ஞாயிறு

அட்டையில் கை அகலக் கறை இல்லை. ஆனால் எட்டணாக் காசு அளவில் ஒரு பொட்டு இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற நினைப்பில் போனவனுக்கு நெஞ்சு இறங்கிவிட்டது. தொட்டு மோந்தேன். கந்தகம். எஞ்சின் ஆயில் இல்லை, கியர் ஆயில். அவ்வளவு நாளும் மேலிருந்து வழிந்த கறுப்பு ஆயில் இதை மூடிவைத்திருந்திருக்கிறது.

ஆக, கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், மாமா சொன்ன செலவு உண்டு. ஆனால் ஒரு தடவை இறக்கினால் கியர்பாக்ஸ் முன் சீல், கிராங்க் பின்பக்கச் சீல், கிளட்ச் பிளேட் மூன்றையும் ஒரே கூலியில் மாற்றிவிடலாம். எஞ்சின் உள்ளே நன்றாக இருக்கிறது. முதல் ஜீப்பை வாங்கியிருந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருந்திருக்கும், இந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியம்.

சேட்டனிடம் அட்டையையே காட்டிப் பேசினேன். அவரும் மோந்து பார்த்தார். சீல், பிளேட், கூலி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் காட்டியதும் 1 லட்சத்து 88 ஆயிரத்துக்கு இறங்கினார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

ஆர்சி சரியாக இருக்கிறது. 1998 பதிவு, 15 வருஷம் கழித்து 2013, பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்து 2028 வரை உண்டு. மாநிலம் மாறுவதால் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28, பேர் மாற்ற 29, 30. சேட்டனே ஆபீசுக்குக் கூட வருவதாகச் சொல்லிவிட்டார்.

28 நவம்பர், வியாழன். கூடலூர்

பட்டறையில் கியர்பாக்ஸ் இறங்கியது. காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்தேன்.

கிராங்க் பின்பக்கச் சீல் ஓரம் லேசான ஈரம், சொட்டு இல்லை. கியர்பாக்ஸ் முன் சீல் கல்லாக இறுகிக் கிடந்தது, விரலால் வளைத்தால் வெடிப்பு தெரிந்தது. சீலின் உதடு இத்தனை வருஷம் உரசின இடத்தில் ஷாஃப்டில் ஒரு கோடு விழுந்திருக்கிறது, நகத்தை வைத்தால் மாட்டுகிறது. புது சீலைப் பழைய இடத்திலேயே அடித்தால் உதடு அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்து மறுபடி கசியும் என்று, ஒரு நூல் தள்ளி உட்காரும்படி அடித்தார் அண்ணன். கிளட்ச் பிளேட்டின் ஓரம் கருமையாக மினுங்கியது. துடைத்துத் தேய்த்துப் போடலாமா என்று மாமா கேட்டார். ஆயில் குடித்த பிளேட் சூட்டில் திரும்பக் கக்கும், மலைப்பாதைக்கு ஆகாது என்றேன். புதுசு போட்டோம்.

1 டிசம்பர், ஞாயிறு

நேற்று முழு உரச் சுமையோடு கம்பம்மெட்டு வழியாக ஏறி இறங்கினேன். அம்மா கூட வந்தாள். அந்த வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி எடுத்தேன், வழுக்கவில்லை. அம்மா மேல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

இன்று காலை அட்டையை இழுத்துப் பார்த்தேன். பெல் ஹவுசிங்குக்கு நேர்கீழே சுத்தம். அதற்கு முன்னால், சம்ப்புக்கு நேராக, கடுகு அளவில் ஒரு புள்ளி. எஞ்சின் ஆயில் வாடை. படுத்துப் பார்த்தால் வடிக்கும் போல்ட்டில் ஈரம், ஆயில் மாற்றும்போது பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறோம். நாளைக்கு வாஷர் வாங்க வேண்டும். புள்ளியைச் சுற்றி பேனாவால் வட்டம் போட்டுத் தேதி எழுதி, அட்டையைத் திரும்ப அதே இடத்தில் தள்ளிவைத்திருக்கிறேன்.