சோளக் கதிர் பொக்கையாவது ஏன்?

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் வேலியோரமாக ஒரே வரிசையில் சோளம் (மக்காச்சோளம்) போடுகிறோம். ஆளுயரத்துக்குச் செழித்து நிற்கும். கதிரை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. உரத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் மகரந்தம் போய்ச் சேராததுதான் காரணம்.

உச்சியில் விரியும் கொண்டை ஆண்பூ. இலையிடுக்கில் மடல் மூடிய கதிர், பெண்பூக்களின் கூட்டம். தேனீ கொண்டைக்கு வரும். தேனில்லாத கதிர்ப்பக்கம் எட்டிப் பார்க்காது. ஆகவே எல்லாம் காற்றின் கையில்.

கொண்டையின் ஒரு கிளையைப் பிடித்துப் பாருங்கள். சிறுகதிர்கள், அதாவது சின்னச் சின்னப் பூக்கொத்துகள், ஜோடி ஜோடியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பூ, பூவுக்கு மூன்று மகரந்தப்பை. பை மெல்லிய காம்பில் வெளியே தொங்கி, நுனியில் துளைவிட்டு, அசையும்போதெல்லாம் மஞ்சள் தூளை உதிர்க்கும். கதிரிலுள்ள பெண் சிறுகதிரும் ஜோடிதான். அதில் கீழ்ப்பூ வளராமல் நின்றுவிடும். கதிரில் மணிவரிசை 12, 14, 16 என்று இரட்டைப்படையில் வருவது இந்த ஜோடியால்தான்.

கதிர் நுனியில் பட்டுநூல்போல் தொங்குவது முடி; ஒரு முடிக்கு ஒரு மணி. அடிப்பக்கத்து முடி முதலில் வெளிவரும், நுனியுடையது கடைசியில். முடியில் ஒட்டிய தூள் குழாய்விட்டு இறங்கி, ஏறக்குறைய ஒரு நாளில் மணியாகப் போகும் சூலைத் தொடும்.

சோள மகரந்தம் கனமானது, அதிக தூரம் போகாது. ஒற்றை வரிசைக்குக் குறுக்கே காற்றடித்தால் தூளெல்லாம் தேயிலை மேல். 40 செடியை 10 வீதம் 4 வரிசையாக, ஒரே நாளில் நடுங்கள்: வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ.

ஈரத்தில் மகரந்தப்பை திறக்காது. ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை விடாமல் பெய்தால், சற்று வெளுக்கும் காலையில் பனி காய்ந்ததும் கொண்டைமேல் கடதாசிப் பையைக் கவிழ்த்து உலுக்கி, விழுந்த தூளை உடனே முடிமேல் தூவுங்கள். எடுத்து வைத்தால் செத்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை செய்தால்தான் நுனி முடிக்கும் கிடைக்கும். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் தொல்லை வேறு: தண்ணீர் குறைந்தால் முடி பிந்தி வரும், அதற்குள் கொண்டை தூளைக் கொட்டி முடித்திருக்கும். பூக்கும் வாரங்களில் நீர் தவறக்கூடாது.

தூவி மூன்று நான்கு நாளில் ஒரு கதிரின் மடலை நீளவாக்கில் கீறி, முடி அறாமல் உரித்து, மெதுவாக உலுக்குங்கள். கருக்கட்டிய மணியின் முடி தானே உதிரும். ஒட்டிக்கொண்டே இருப்பதற்குத் தூள் எட்டவில்லை. அப்படி நிறைய இருந்து, கொண்டையிலும் தூள் மிச்சமிருந்தால் மறுநாள் காலையே மற்றக் கதிர்களுக்கு மறுபடி தூவிவிடுங்கள்.