மகளுக்கு அக்கி கண்டபோது

கத்தரி வெயில் தொடங்கிய வாரத்தில், 7 வயதான என் மகள் வலப்பக்க விலா எரிகிறது என்றாள். மறுநாள் குளிப்பாட்டும்போது, முதுகுத்தண்டிலிருந்து மார்புவரை பட்டையாகச் சிவந்து, கடுகளவில் நீர்க்கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக எழும்பியிருந்தன. "சூட்டினால் வந்த அக்கி, எழுதினால் ஆறிவிடும்" என்றார் மாமியார். காட்பாடியை அடுத்த கரிகிரியில் மண்பாண்டம் செய்யும் பெரியவர் ஒருவர், அன்று மாலை காவியைக் குழைத்து எழுதினார். அந்தக் குளிர்ச்சியில் அவள் அழுகையை நிறுத்தினாள் என்பது உண்மை. ஆனால் இரவில் சட்டை உரசினாலே துடித்தாள்.

காலையில் குழந்தை மருத்துவர் முதலில் கேட்டது, "கைக்குழந்தையில் அம்மை போட்டதா?" என்பதுதான். எட்டாம் மாதத்தில் சின்னம்மை போட்டிருந்தது. அந்த வைரஸ் உடலை விட்டுப் போகாமல் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும் என்றும், ஒரு வயதுக்குள் சின்னம்மை கண்டவர்களுக்கு எதிர்ப்புத்திறன் முழுமையாக அமையாததால் சிறுவயதிலேயே அக்கி வரும் வாய்ப்பு கூடுதல் என்றும் விளக்கினார். கொப்புளங்களை ஒட்டி விரலைக் கொண்டுபோனவர், காவிக்கோடு முடிந்த அதே முதுகெலும்பில் நிறுத்தி, ஒரு நரம்பின் பாதையிலேயே படர்வதால் பெரும்பாலும் அக்கி மறுபக்கம் தாண்டாது என்றார். முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும் என்று அசைக்ளோவிர் எழுதிக்கொடுத்து, ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது என எச்சரித்தார். எழுதப் போன அந்த ஒரு நாளை நான் வீணாக்கியிருக்கக் கூடாது.

சீனாவில் மருத்துவம் படித்த என் சித்தி மகனிடம் பேசியபோது, அந்நாட்டுப் பழைய மருத்துவம் இதை "இடுப்பைச் சுற்றும் நெருப்பு" என்றும் பாம்பின் பெயராலும் அழைப்பதாகவும், கல்லீரலிலும் பித்தப்பையிலும் ஈரத்தோடு சேர்ந்த சூடே காரணம் என்று கருதுவதாகவும் சொன்னான். சூடு என்றதும் மாமியார் முகம் மலர்ந்தது. அதற்கு அங்கே வழக்கமாகத் தரும் கஷாயத்தை வரவழைக்கலாமா என்று கேட்டேன். அதில் சேர்ந்துவந்த ஒரு மூலிகைக்கொடி சிறுநீரகத்தைக் கெடுப்பதாகத் தெரிந்து, 2003-இல் சீன அரசே அதை விலக்கியது என்றும், குழந்தைக்கு இணையத்தில் வாங்கிக் கொடுக்கவே வேண்டாம் என்றும் தடுத்துவிட்டான்.

கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை தொற்றும் என்பதால், 2 வயது மகனைப் பொருக்கு உதிரும்வரை அம்மா வீட்டில் விட்டிருந்தோம். தடுப்பூசி அரசின் இலவச அட்டவணையில் இல்லை. பணம் கட்டி அவனுக்குப் போட்ட பிறகே வீட்டுக்கு அழைத்துவந்தோம்.