சோளகக் காற்றில் சுங்கான் பற்றவைத்தல்

யாழ்ப்பாணத்தில் சுங்கான் (புகையிலை அடைத்துப் பிடிக்கும் குழாய்) பிடிப்பவருக்குப் புகையிலை கிடைப்பதைவிட நெருப்பு நிற்பதுதான் பெரிய பாடு. வைகாசியில் தொடங்கும் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, புரட்டாதி வரை ஓயாது. அது போனால் வடகிழக்கு வாடை, கூடவே மாரி ஈரம். மூடிய பொது இடங்களில் புகைப்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்குள்ளும் நான் பிடிப்பதில்லை, பிள்ளைகள் புழங்குகிற வீடு. ஆக எனக்கு மிஞ்சியது விறாந்தையும் வளவும், எப்போதாவது பண்ணைக் கடற்கரையும். மூன்றிலும் காற்று உண்டு. எந்த நெருப்பை நம்பலாம் என்று இரண்டு பருவத்திலும் செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

சுருட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சுருட்டின் நுனி வெளியே தெரிகிறது. கடை வாசலில் புகைந்துகொண்டு தொங்கும் கயிற்றில் வைத்து இழுத்தாலே பிடித்துவிடும். சுங்கானில் புகையிலை கிண்ணத்துக்குள் இருக்கிறது. மேல்நோக்கி எரிய விரும்பும் சுவாலையை மூச்சால் கீழே வளைத்து இறக்க வேண்டும். அந்த நேரம் குறுக்கே காற்று வந்தால் ஒரு பக்கம் கரியாகும், மறுபக்கம் பச்சையாகவே கிடக்கும். பிறகு முழுக்கிண்ணமும் சரிந்துதான் எரியும்.

முதலில் நெருப்புக்குச்சி. எனக்கு இன்றைக்கும் பிடித்தது இதுதான். மரக்குச்சியின் சுவாலை மென்மையானது, சுங்கானின் விளிம்பைச் சுடாது, புகையிலையின் மணத்தில் கை வைக்காது. ஒரேயொரு நிபந்தனை: உரசியவுடன் கிண்ணத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. தலையிலுள்ள மருந்தில் கந்தகம் இருக்கிறது. அது எரிந்து முடிந்து மரம் பிடித்த பிறகுதான் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டால் முதல் இழுவையே கந்தகம். மெழுகு ஊட்டிய காகிதக் குச்சிகளும் பார்த்தேன். அவற்றின் மெழுகு வாசம் பாதிக் கிண்ணம் முடியும் வரை நீங்கவில்லை. மரக்குச்சியே வாங்குங்கள்.

மாரியில் குச்சி கைவிடுவதற்குக் குச்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. தலையில் பொற்றாசியம் குளோரேற்று, பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பொசுபரசு, இரண்டும் உரசினால்தான் தீ. அந்தப் பக்கம் ஈரித்துப்போனால் பூச்சு உரிந்து வந்துவிடும், எவ்வளவு நல்ல குச்சியும் வழுக்கும். இப்போது பெட்டியை இறுக்கமான மூடியுள்ள ஒரு பேணியில், அடியில் கொஞ்சம் வறுத்த அரிசி போட்டு வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் உரசியவுடன் பிடிக்கிறது.

காற்றுக்கு வேறு வழி வேண்டும். காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று, பெட்டியின் உள்தட்டைப் பாதி வெளியே தள்ளி, அந்தக் குழிக்குள் குச்சியைப் பிடித்தால் மரம் பிடிக்கும் வரை சுவாலை தாங்கும். இரண்டு குச்சிகளைச் சேர்த்து உரசினால் இன்னும் நல்லது. விறாந்தையில் இது போதும். பண்ணையில், சோளகத்தில், போதாது.

அதனால் லைட்டர் பக்கம் போனேன். கடைகளில் கிடைக்கும் சாதாரண காஸ் லைட்டரின் சுவாலை மெல்லியது, சுவையும் கெடாது, ஆனால் நிமிர்ந்து எரிகிறது. சுங்கானுக்காகச் சரித்துப் பிடித்தால் சூடு பெருவிரலுக்கு ஏறுகிறது. சுவாலை பக்கவாட்டில் வரும்படி செய்த சுங்கான் லைட்டர்களில் இந்தச் சிக்கல் இல்லை. நீலச் சுவாலை சீறும் லைட்டரை நண்பர் ஒருவர் தந்தார். காற்றுக்கு அசையாது, உண்மை. ஆனால் காஸ் காற்றோடு முன்பே கலந்து எரிவதால் அதன் சூடு 1000 பாகை செல்சியசுக்கும் மேல். நல்ல சுங்கான் செய்யும் பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதரின் வேர்முடிச்சில் கடைந்த கட்டை. கெட்டிதான், ஆனாலும் மரம். அந்தச் சுவாலை இரண்டு தரம் தடவினால் விளிம்பு கருகும். ஆகவே சோளப்பொத்தியில் செய்த மலிவான சுங்கானில் மட்டும் சோதித்தேன். விளிம்பு கருத்துப்போனது, புகையிலையின் மேற்பகுதியும் தீய்ந்து கசந்தது. சுருட்டுக்கு அது பொருந்தலாம், சுங்கானுக்கு வேண்டாம்.

சிப்போ வகைப் பெற்றோல் லைட்டர் காற்றில் நிற்பதற்குப் பேர்போனது. சுங்கானுக்கென்று வரும் வகையில், திரியைச் சுற்றியுள்ள புகைக்கூட்டின் பக்கத்தில் ஒரு வட்டத் துளை இருக்கும். அதைக் கிண்ணத்தின் மேல் படுக்க வைத்து இழுத்தால் சுவாலை துளை வழியே உள்ளே இறங்கும். பண்ணையில் இதை எதுவும் வெல்லவில்லை. திரியைச் சில நொடி எரியவிட்டுப் பிறகு இழுத்தால் பெற்றோல் வாசம் பெரும்பாலும் போய்விடும், முழுக்கப் போவதில்லை. இன்னொன்று, நம்முடைய வெயிலில் எரிபொருள் தானாகவே ஆவியாகிறது. நிரப்பிச் சில நாள் தொடாமல் வைத்தால் திரி காய்ந்து கிடக்கும். வெளிநாட்டு உறவினரிடம் நிரப்புப் போத்தல் கொண்டுவரச் சொல்லவும் முடியாது. லைட்டர் எண்ணெயும் காஸ் பேணியும் விமானத்தில் கைப்பையிலும் அனுமதி இல்லை, பெட்டியிலும் இல்லை.

ஊர்முறைகளையும் விடவில்லை. சூள் கொளுத்துகிற காய்ந்த ஓலையை மெல்லியதாகக் கிழித்து விளக்கில் பிடித்துப் பார்த்தேன்: ஒரு மூச்சில் எரிந்து சாம்பல் பறக்கிறது. சிரட்டைத் தணல் என்னை வியக்க வைத்தது. சிறு துண்டை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தின் வாயில் வைத்து மெதுவாக இழுத்தால், காற்று எதிரியாக இல்லாமல் துணையாகிவிடுகிறது. அடிக்க அடிக்கத் தணல் சிவக்கிறது, புகையிலை வட்டமாக, சீராகப் பிடிக்கிறது. ஐரோப்பாவில் முன்னாளில் அடுப்புத் தணலை எடுத்துச் சுங்கான் பற்றவைக்கவே தனி இடுக்கி வைத்திருந்தார்கள், காரணம் புரிகிறது. அடுப்பு மூட்டும் மாலைகளில் நான் இதைத்தான் செய்கிறேன். பொறி பறக்கும், ஓலை வேலி பக்கம் நிற்க வேண்டாம்.

எந்த நெருப்பானாலும் புகையிலை ஈரமாக இருந்தால் நிற்காது. பேணியில் வரும் கலவையைச் சோளக காலத்தில் கால்மணி நேரம் காகிதத்தில் பரப்பினால் போதும். மாரியில் அது விறாந்தையில் காயவே காயாது, அடுப்படிச் சூட்டில் வைக்கிறேன். விரலால் நசுக்கி விட்டால் ஒட்டிக்கொள்ளாமல் மெல்லப் பிரிய வேண்டும். அப்புறம் முதல் நெருப்பை வட்டமாகச் சுற்றிக் காட்ட வேண்டும், புகையிலை பொங்கி எழும். மெதுவாக அமுக்கி, இரண்டாம் நெருப்பு. இந்த இரண்டாவதுதான் நிற்கும். முதலாவதிலேயே ஓடவைக்கப் பார்ப்பவர்கள்தான் லைட்டரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: விறாந்தையில் நெருப்புக்குச்சி, கடற்கரைக்குத் துளை வைத்த பெற்றோல் லைட்டர், போகும் அன்று காலையில்தான் நிரப்புவது. நீலச் சுவாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரொறொன்ரோவிலிருந்து மச்சான் தை மாதம் வருகிறார், பக்கச்சுவாலை காஸ் லைட்டர் ஒன்றைக் காஸ் இல்லாமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வாடையில் அது எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.