ஸ்பிரே டப்பா பெயிண்டை ஏர்பிரஷ்ஷில் ஊற்றி அடித்த கதை

ஃபோம் ஷீட்டில் மினியேச்சர் பஸ் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். பதினோரு மீட்டர் பஸ்ஸை 1/24 அளவில் செய்தால் நீளம் சுமார் 46 செ.மீ. வரும். அதன் பக்கத் தகட்டில் வரும் ரிவெட் ஆணித் தலைகளை நான் ஊசிமுனையில் ஃபெவிகால் தொட்டுத் தொட்டு வைக்கிறேன். ஒவ்வொரு புள்ளியும் அரை மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. அதன்மேல் ஸ்பிரே டப்பாவை நேராக அடித்தால் பெயிண்ட் கொட்டுகிற வேகத்தில் ரிவெட் எல்லாம் மூழ்கிவிடும், ஜன்னல் ஓரத்தில் வழிந்து நிற்கும். ஆனால் எனக்கு வேண்டிய மெரூன் கலர் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதோ டப்பாவில்தான். மாடலுக்கென்றே வரும் இறக்குமதிப் பெயிண்ட், சின்னக் குப்பிக்கே கையைக் கடிக்கும். அதனால் டப்பாவுக்குள் இருப்பதை வெளியே எடுத்து, காற்றழுத்தத்தில் பெயிண்டை மெல்லிய தூறலாக அடிக்கும் பேனா மாதிரியான ஏர்பிரஷ்ஷில் ஊற்றுவது என்று முடிவு செய்தேன்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வழக்கமாக வாங்கும் கடையில் விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். "ஏலே, டப்பாவ ஓட்ட போடப் போறியா? வெடிச்சிரும்லே!"

"ஓட்ட போடல அண்ணாச்சி, டியூப் வச்சு பாட்டில்ல எறக்கப் போறேன்."

அவர் பயப்பட்டது நியாயம்தான். உள்ளே பெயிண்டைத் தள்ளுவதற்காக அடைத்திருக்கும் வாயு பெரும்பாலும் சமையல் எரிவாயு வகையறா. ஆணி அடித்துத் திறக்கவே கூடாது. அதன் பட்டனை அமுக்கித்தான் இறக்க வேண்டும்.

தீர்ந்துபோன டப்பா ஒன்றிலிருந்து பட்டனைக் கழற்றி, அதன் துளையில் டிரிப்ஸ் டியூபில் ஒரு விரல் நீளம் வெட்டி வைத்து, சுற்றிலும் எம்-சீல் அப்பிக் காயவிட்டேன். ஸ்ட்ரா போதும் என்பார்கள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை வந்த பிறகு நம்மூரில் கிடைப்பது காகித ஸ்ட்ராதான். அது பெயிண்டில் ஊறித் தொளதொளத்துவிடும். பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும், காலி ஊறுகாய் பாட்டில் போதும். தெர்மோகோல் கப் பக்கமே போகாதீர்கள், தின்னர் பட்டதும் கரைந்து ஓடிவிடும்.

டப்பாவை ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் உள்ளே அழுத்தம் குறையும். பிறகு துடைத்து, உள்ளே குண்டு உருளும் சத்தம் நன்றாகக் கேட்கும்வரை குலுக்கி, டியூப் வைத்த பட்டனை அதில் மாட்டி, மொட்டைமாடிக்குப் போனேன். வீட்டுக்குள் இந்த வேலை வேண்டாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுப்படிவரை போகும். முகத்துக்கு ரசாயன ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க். துணி மாஸ்க் போட்டும் பயனில்லை.

பாட்டில் வாயை அலுமினியத் தாளால் மூடி, ஒரு துளை வழியாக டியூபை உள்சுவரில் படும்படி சாய்த்து, விட்டு விட்டு அமுக்கினேன். ஒரேயடியாக அமுக்கினால் நுரைத்துப் பொங்கி மேலே வரும். கொஞ்ச நேரத்தில் பாட்டில் கை சுருங்கும் அளவுக்குச் சில்லிட்டு, வெளியே வியர்த்துவிட்டது. வாயு ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகிறது, அதனால்தான்.

இதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டும். பார்க்க அமைதியாக இருக்கும் பெயிண்டுக்குள் வாயு இன்னும் கரைந்தே இருக்கும். குச்சி விட்டுக் கலக்கினால் கோலி சோடா உடைத்த மாதிரி பொங்கும். அந்த நிலையில் ஏர்பிரஷ்ஷில் ஊற்றினால் கப்பிலேயே குமிழி கிளம்பும், முனையிலிருந்து துப்பித் துப்பி வரும். தாளில் நாலைந்து ஊசித்துளை போட்டு ஓர் இரவு முழுக்க நிழலில் வைத்துவிடுங்கள். காலையில் கலக்கிப் பாருங்கள், குமிழி வராவிட்டால் தயார். அதற்குமுன் மூடியை இறுக்கித் திருகி வைத்தால் பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறும்.

இறக்கிய பெயிண்ட் ஏற்கெனவே தண்ணீராகத்தான் இருக்கும். 0.3 மி.மீ. முனையில், 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில், தின்னர் சேர்க்காமலே ஓடியது. ஆனால் நம்மூர் வெயிலில் வேறொரு சிக்கல். சித்திரை, வைகாசியில் மதியம் அடித்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து, பஸ்மேல் தூளாக விழுந்து சொரசொரக்கும். நிதானமாகக் காயும் தின்னர் கொஞ்சம் சேர்த்து, முனையைக் கிட்டே கொண்டுபோனதும் சரியானது. எந்தத் தின்னராக இருந்தாலும் முதலில் ஒரு சொட்டுப் பெயிண்டில் கலந்து பாருங்கள். திரிந்து கட்டியானால் அது ஒத்துவராது. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சீசன் காற்று இங்கேவரை வந்து புழுதியை வாரிப் போடும், அப்போது மாடியே வேண்டாம். ஐப்பசி அடைமழையில் ஈரம் படிந்து மெரூன்மேல் வெள்ளை பூத்துவிடும். எனக்குத் தோதானது விடியற்காலை வெயில் ஏறுவதற்கு முந்தைய நேரம்தான்.

லேசாக மூன்று கோட். ரிவெட் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. விரலால் தடவினால் நெருடுகிறது. பிளாஸ்டிக் கிட் கட்டுகிறவர்கள் கவனிக்க: இந்த டப்பாப் பெயிண்டின் தின்னர் காரமானது, பிரைமர் இல்லாமல் நனைய அடித்தால் பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும்.

அடித்து முடித்த கையோடு ஏர்பிரஷ்ஷில் தின்னர் விட்டுக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் ஊசி ஒட்டிக்கொள்ளும். மிச்சப் பெயிண்ட் பாட்டிலிலேயே இருக்கிறது, அடுத்த பஸ்ஸுக்கு ஆகும். கூரைக்கு மட்டும் இத்தனை பாடு எதற்கு? ரிவெட்டும் கிடையாது, பார்ப்பவர் கண்ணும் அங்கே போகாது. அதை இன்னும் டப்பாவிலிருந்தே நேராக அடித்துவிடுகிறேன்.