அம்மாச்சி: தவக்காலக் குறிப்புகள், 2025

மார்ச் 5, சாம்பல் புதன்

ஒருசந்தி (இன்றைய உபவாசம்) 18 வயது முதல் 59 வரை உள்ளவர்களுக்குத்தான் கடமை. நோயாளிக்கு அதுவும் கிடையாது. 93 வயதில் அம்மாச்சி இதைக் காதில் வாங்குவதாக இல்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று சின்னம்மா மன்றாடியதும், "மாத்திரைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் குடு" என்றார்.

மார்ச் 8

கோவிலில் பூசைக்குப் பயன்படும் துணிகளின் பை வந்தது. துவைப்பது இப்போது சின்னம்மா. கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக் கொடுப்பது அம்மாச்சி. அந்த வேலையை மட்டும் யாருக்கும் விடுவதில்லை.

பூசையில் ஆண்டவரின் உடலாக வணங்கும் அப்பத்தையும் இரசக் கிண்ணத்தையும் வைக்கப் பீடத்தில் விரிப்பது திருமேனித் துகில். அதை வெள்ளைத் தாளின் மேல் வைத்துத்தான் விரிக்க வேண்டும், அப்பத் துணுக்கு இருந்தால் தாளில் தெரியும். முதல் அலசல் வெறும் தண்ணீரில், சோப்பு கூடாது. அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது, யார் காலும் படாத மண்ணில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் வழக்கமான துவையல். இரசக் கிண்ணம் துடைக்கும் துணியில் திராட்சை இரசக் கறை இருந்தால் அந்த இடத்தை வீட்டுப் பாத்திரம் ஒன்றின் மேல் இழுத்துக் கட்டி, கொதிக்கும் தண்ணீரைச் சற்று உயரத்திலிருந்து ஊற்றினால் இறங்கிவிடும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். லினன் நூலை அது அரித்துவிடும், பிறகு மடிப்பு விழும் கோட்டிலேயே துணி கிழியும். பங்குக் கோவில்களில் பாதித் துணிகள் வீணாவது இப்படித்தான்.

கஞ்சி திருமேனித் துகிலுக்கு மட்டும்: அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவு, காய்ச்சி ஆறவைத்து. விறைப்பாக இருந்தால் துணுக்குகள் நெசவுக்குள் போகாமல் மேலேயே நிற்கும். கிண்ணம் துடைக்கும் துணிக்குக் கஞ்சி போட்டால் ஈரத்தை உறிஞ்சாது, பயனில்லை. இரண்டையும் ஒரே வாளியில் முக்கியெடுக்கும் பழக்கத்தை அம்மாச்சி எத்தனை பேரிடம் நிறுத்தச் சொல்லியிருப்பார்!

இஸ்திரி ஈரம் இருக்கும்போதே, பூவேலை உள்ள இடத்தில் பின்பக்கமாக. மடிப்பு மூன்றுக்கு மூன்று: முன்பக்க மூன்றிலொரு பங்கு மேலே, பின்பக்கம் அதன்மேல், பிறகு இரண்டு பக்கமும் உள்ளே. விரித்தால் ஒன்பது கட்டம். மடிப்பு எல்லாம் உள்நோக்கி இருக்க வேண்டும், வெளிநோக்கி ஒன்று விழுந்தாலும் துணுக்கு சிந்தும். சிலுவைப் பூவேலை நடுவில் வரவே கூடாது. முன் ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, ஓரத்தின் மத்தியில். நடுவில் தைத்தால் கிண்ணம் ஆடும், துணுக்கும் நூலில் சிக்கும்.

மார்ச் 9

இரவு முழுக்க இருமல். செபமாலையில் மூன்றாம் பத்திலேயே (பத்து மணி ஒரு பத்து) தூங்கிவிட்டார்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

நல்மரணத்தின் பாதுகாவலர் திருநாளன்றே சாமியாரை (பங்குக் குருவை) கூப்பிடு என்றார். நோயில் பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு, திரும்பத் திரும்பப் பெறக்கூடியது, நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் முகம் மாறிவிட்டது. "அவஸ்தை" என்ற பழைய பெயரின் பயம் இன்னும் போகவில்லை. அம்மாச்சிக்குத்தான் கொஞ்சமும் இல்லை.

மேசையை அவரே சொல்லிச் சொல்லி அடுக்கவைத்தார்: வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), இரண்டு மெழுகுதிரி, தீர்த்தம், ஒரு தம்ளர் தண்ணீர், சின்னக் கரண்டி, எண்ணெய் துடைக்கப் பஞ்சு. மின்விசிறியை முதலில் நிறுத்தச் சொன்னார், திரி அணையாமல் இருக்க. 1972-க்கு முன்னால் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பூசுவார்கள். இப்போது நெற்றியும் கைகளும்தான். சாமியார் முடித்த பிறகும் அம்மாச்சி கண்ணை மூடி, காலை லேசாக நகர்த்திக் காட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மாவுக்குப் பூசியதைப் பார்த்த ஞாபகம்.

எண்ணெய் தொட்ட பஞ்சை எரித்துச் சாம்பலை மண்ணில் போட வேண்டும்.

மார்ச் 22

துகிலில் சிலுவைப் பூவேலை நடுவில் இல்லையே? துணிப் பையை மறுபடி பிரிக்கச் சொன்னார். நடுவில் இல்லை.

மார்ச் 27

இன்று கை நடுக்கம் குறைவு. செபமாலைக் கம்பியைக் கேட்டு வாங்கினார்.

ஒரு செபமாலைக்கு 59 மணி: அருள் நிறைந்த மரியே 53, கர்த்தர் கற்பித்த செபம் 6. ஒவ்வொரு மணிக்கும் இரண்டு வளையம், ஆக 118. இதில் ஒன்று சரியாக மூடாவிட்டாலும் மாலை அங்கேதான் அறும். மணி 8 மி.மீ. என்றால் கம்பி 0.8 மி.மீ. அதற்கும் மெல்லியதாக இருந்தால் பையிலிருந்து இழுக்கும்போதே வளையம் வாய்பிளக்கும். மணியின் துளையை ஒட்டிக் கம்பியைச் செங்கோணத்தில் மடக்கி, ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, உருண்டை மூக்குக் குறடால் நுனியிலிருந்து சுருட்ட வேண்டும். சின்னதாக வேண்டுமென்று குறடின் நுனியிலேயே சுருட்டினால் அடுத்த வளையம் உள்ளே அசையாது. குறடில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார், எல்லா வளையமும் அந்தக் கோட்டில்தான். திறக்கும்போது அகலமாக விரிக்கக் கூடாது, பக்கவாட்டில் திருப்பித் திறந்து அதே வழியில் திருப்பி மூட வேண்டும். விரித்தால் வட்டம் கெட்டுவிடும், திரும்ப வராது.

மூடினதைக் கண்ணால் பார்ப்பதில்லை. விரல் நுனியால் தடவிப் பார்க்கிறார். நகம் தட்டினால் திறந்திருக்கிறது.

இன்றைக்கு ஒரு பத்து முடிந்தது. ஒவ்வொரு மணியையும் மூடும்போது அருள் நிறைந்த மரியேயின் பழைய வடிவம், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றுதான் உதடு அசைகிறது.

மார்ச் 30, தவக்கால 4ஆம் ஞாயிறு

அம்மாச்சி தைத்த இளஞ்சிவப்புப் பூசை உடுப்பைத்தான் இன்று சாமியார் போட்டிருந்தார். தவக்காலத்தில் அந்த நிறம் இந்த ஒரு நாளுக்கு மட்டும். பொன்னிழையைத் துணிக்குள் நுழைத்துத் தைக்கக் கூடாது, உரசி மேல்பூச்சு உரிந்துவிடும். இழையைத் துணியின் மேல் படுக்கவைத்து, தேன்மெழுகில் இழுத்த பட்டு நூலால் 3, 4 மி.மீ.க்கு ஒரு குறுக்குத் தையல். இரண்டு முனையை மட்டும் பெரிய ஊசியால் பின்னால் தள்ளிக் கட்ட வேண்டும். அந்த உடுப்பில் உள்ள பொன்னிழை, முன்பு சாமியார் இடக்கையில் தொங்கவிடும் துண்டிலிருந்து எடுத்தது. 1967-க்குப் பிறகு அந்தத் துண்டு கட்டாயமில்லை என்றானதும் பெட்டிக்குள் போய்விட்டது. மற்றவர்கள் தூக்கிப்போட்டதை அம்மாச்சி தையல் தையலாகப் பிரித்தெடுத்தார்.

உடுப்பைப் பார்க்க முடியவில்லையே என்று மதியம் வரை பேசவில்லை. கோபமா, வருத்தமா தெரியவில்லை.

ஏப்ரல் 6

பாஸ்கா மெழுகுதிரி, உயிர்ப்புத் திருநாளுக்கு ஏற்றும் பெரிய திரி. அதை அலங்கரிப்பது இந்த ஆண்டும் அம்மாச்சிதான். வெட்டுவது சின்னம்மாவின் மகள், ஒட்டுவது அவர்.

பெயிண்ட் மெழுகில் பிடிக்காது, காய்ந்ததும் செதில் செதிலாக வரும். அதனால் நிற மெழுகுத் தகடு. திரியைச் சாராயப் பஞ்சால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். தகட்டைக் கண்ணாடியின் மேல் வைத்து பிளேடால் வெட்டி, உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினால் காற்று அடைபடாது. குளிர்ந்த தகடு உடையும், வெயில் ஏறினால் பிளேடோடு ஒட்டும். காலை நேரம்தான் தோது. ஒரு எழுத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். கை சில்லென்று இருப்பதால் தகடு இளகவில்லை. அந்தப் பிள்ளை தன் கையை அவர் கைமேல் வைத்துப் பொத்திக்கொண்டது. அகரம் ஒட்டியது.

சிலுவைக்கு மேலே அகரம், கீழே னகரம். ஆண்டின் நான்கு இலக்கமும் நான்கு மூலையில்: மேலே 2, 0, கீழே 2, 5. ஐந்து சாம்பிராணி மணிகளுக்கும் துளையைச் சூடான ஊசியால் இப்போதே போட்டுவைக்க வேண்டும். திருவிழிப்பு இரவில் (உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின இரவு) சாமியார் அழுத்திக் குத்தினால் திரி விரிசல் விடும்.

அடிப்பாகம் மட்டமாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். பெந்தகோஸ்து வரை பீடத்தருகே, பிறகு ஞானஸ்நானத் தொட்டியருகே, அடக்கப் பூசை வந்தால் பெட்டியருகே நிற்பதும் இதே திரிதான். "எனக்கு வைக்கும்போது சாயக் கூடாது" என்றார். அந்தப் பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணிக்குக் கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார். சிலுவையை முத்தி செய்தார் (முத்தமிட்டார்). பேச்சில்லை.

ஏப்ரல் 20

பாஸ்கா திரி நேராக நின்றதாம். சின்னம்மா வந்து சொன்னார். அம்மாச்சி சிரித்த சிரிப்பு!

ஏப்ரல் 21

பாப்பரசர் பிரான்சிஸ் இறந்துவிட்டார்.

ஏப்ரல் 22

யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தொலைக்காட்சிப் பூசையின் நடுவில் பாப்பரசர் பெயர் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. பதவி காலியாக இருக்கும்போது அந்த இடத்தில் பெயர் சொல்வதில்லை. அம்மாச்சி அந்த இடத்தில் தலையை ஆட்டினார்.

ஏப்ரல் 29

விழுங்குவது சிரமமாகிவிட்டது. நன்மை (பூசை அப்பம்) வாங்கும் முன்பு முதுகு நேராக, முகவாய் சற்றுக் கீழே. தலை பின்னால் சாய்ந்தால் புரையேறும். அப்பத்தில் மிகச் சின்னத் துணுக்கு போதும், அதிலும் முழு ஆண்டவர்தான். கரண்டித் தண்ணீர் அப்படியே ஓடிப் புரையேற்றுகிறது, மருத்துவர் சொன்னபடி கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும். வாங்கியபின் அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. நோயாளிக்கு ஒரு மணி நேர உபவாசம் இல்லை, அவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இல்லை. இது தெரியாமல் சின்னம்மா இத்தனை நாள் காலையில் பட்டினி கிடந்திருக்கிறார்.

அப்பத்தில் பசை பிடித்தது போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று அம்மாச்சிக்கு ஒரே கவலை. முதலில் வாயை ஈரமாக்கிவிட்டால் ஒட்டாது.

மே 8

வெண்புகை. புதிய பாப்பரசர் பதினான்காம் லியோ. பதினோராம் பயஸ் காலத்தில் பிறந்த அம்மாச்சிக்கு இவர் ஒன்பதாவது பாப்பரசர். விரல் விட்டு எண்ணினார், 1978-இல் 33 நாள் மட்டும் இருந்த முதலாம் யோவான் பவுலை விடாமல்.

மே 10

15 பத்து உள்ள பெரிய செபமாலையைக் கேட்டார், சுவரில் தொங்குவது. 2002-இல் ஒளி மறைபொருள்கள் (செபமாலையில் புதிதாகத் தியானிக்கும் ஐந்து நிகழ்வுகள்) வந்ததும் அதைப் பிரித்து இன்னும் 50 மணி, பெரிய மணி 5 சேர்த்து 20 பத்தாக்கினார். அருள் நிறைந்த மரியே மணி முதலில் கட்டியபோது 153, இப்போது 203. இணைத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் விரல் மட்டும் நேராக அங்கே போய் நின்றது. ஒரு வளையம் நகத்தில் தட்டுகிறது.

மே 11

குறடு கையில் நிற்கவில்லை. அந்த வளையத்தைத் திருப்பி மூடும் வேலை சின்னம்மாவின் மகளிடம் போனது. தடவிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்."

மே 12

0.8 கம்பி தீர்ந்துவிட்டது. அளவு சொல்லாமல் வாங்கினால் 0.6 கொடுத்துவிடுவார்கள்.